ஐரோப்பாவில் கடலிலிருந்து சிப்பி எடுப்பது நின்றுவிட்டதா?

கேள்வி, 11 ஆகஸ்ட் 2024

அண்ணா, ஐரோப்பாவில் இப்போது யாரும் கடலிலிருந்து சிப்பி எடுப்பதில்லை, எல்லாமே பண்ணையில் வளர்ப்பதுதான் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். அளவுக்கு மீறி வாரி எடுத்து, கடலில் இருந்ததை அழித்துவிட்டுத்தான் பண்ணைக்குப் போனார்களாம். நீங்கள் டென்மார்க்கில் இருக்கிறீர்கள். இது உண்மையா?

11 ஆகஸ்ட் 2024, இரவு

நிற்கவில்லை தம்பி. நான் இருக்கும் ஆல்போர்க் நகரம் லிம்ஃபியோர்டின் கரையில் இருக்கிறது. அந்த நீரில் இன்றைக்கும் படகுகள் இரும்பு வாரியை அடித்தரையில் இழுத்து நீலச் சிப்பி (ஆங்கிலத்தில் மஸ்ஸல்) எடுக்கின்றன. ஐரோப்பாவிலேயே வளர்க்காத சிப்பியை அதிகம் கரைசேர்க்கும் நாடு டென்மார்க்தான். காணொளியில் சொன்னது ஸ்பெயினுக்குப் பொருந்தும், இத்தாலிக்கும் கிரீஸுக்கும் பெரும்பாலும் பொருந்தும். மொத்த ஐரோப்பாவுக்கும் சேர்த்துச் சொன்னால் தவறு.

"அளவுக்கு மீறி எடுத்து அழித்தார்கள்" என்ற பகுதி பாதி சரி. அதை நாளைக்கு எழுதுகிறேன், இப்போது தூக்கம் வருகிறது.

12 ஆகஸ்ட்

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். லிம்ஃபியோர்ட் ஜட்லாந்து தீபகற்பத்தின் வடக்கே குறுக்காக ஓடும் ஆழமில்லாத நீர். ஒரு காலத்தில் அதன் மேற்கு வாய் மணல்திட்டால் அடைபட்டிருந்தது. 1825-ல் ஒரு புயலில் வட கடல் ஆகர் மணல்திட்டை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. அதுவரை பாதி நன்னீராக இருந்த இடம் உப்புக் கடலானது. பழைய மீன்கள் போயின, ஆளியும் (ஆங்கிலத்தில் ஆய்ஸ்டர்) சிப்பியும் வந்தன.

சிப்பிக்கு அது நல்ல வீடு. அலை குறைவு, ஆழம் குறைவு, சுற்றிலும் விவசாய நிலம். வயலிலிருந்து வழிந்து வரும் உரம் நீரில் நுண்பாசியை வளர்க்கும், பாசியைச் சிப்பி தின்னும். 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லிம்ஃபியோர்டிலிருந்து மட்டும் ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் அளவுக்குச் சிப்பி கரைக்கு வந்தது. அண்மை ஆண்டுகளில் அதில் மூன்றில் ஒரு பங்கு வந்தால் பெரிது.

இந்த இரண்டு எண்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் காணொளிக்காரர் சொன்னது சரி என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. நான் முட்டத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். எங்கள் சித்தப்பா பாறைச் சிப்பி எடுக்க முங்குவார். ஒரு பாறையை முழுதாகச் சுரண்டிவிட்டால் அடுத்த வருடம் அங்கே ஒன்றும் இருக்காது என்பதைக் கண்ணால் பார்த்தவன். அதனால் எங்கே குறைந்தாலும் "சுரண்டிவிட்டார்கள்" என்று நினைப்பது எனக்குப் பழக்கம்.

12 ஆகஸ்ட், சற்று நேரம் கழித்து

அளவுக்கு மீறி எடுத்த இடம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். நெதர்லாந்தின் வாடன் கடல்.

அங்கே கடல் வற்றும்போது மைல் கணக்கில் சேற்றுத் தரை வெளியே தெரியும். அந்தத் தரையில் சிப்பி திட்டுத் திட்டாகப் படர்ந்திருக்கும். 1980-களின் கடைசியில் சில ஆண்டுகள் சிப்பிக் குஞ்சு தரையில் சரியாக ஒட்டிப் பிடிக்கவில்லை. படகுகள் மட்டும் வழக்கம்போல எடுத்தன. 1990, 1991 வாக்கில் வற்றுத்தரைச் சிப்பித் திட்டுகள் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டன. அவை திரும்பிவர பத்து ஆண்டுக்கு மேல் ஆனது.

சிப்பியைத் தின்று வாழும் பறவைகளும் அதோடு அடிபட்டன. 1999–2000 குளிர்காலத்தில் டச்சுக் கரையில் ஏறத்தாழ 21,000 ஐடர் வாத்துகள் இறந்து ஒதுங்கின. சிப்பியும் மட்டியும் போதாமல் பட்டினியில் செத்தவை. இதை முதன்முதலில் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. நாம் எடுத்தது போக மீதி யாருக்கு என்ற கேள்வியை எங்கள் ஊரில் யாரும் கேட்டு நான் கேட்டதில்லை.

14 ஆகஸ்ட்

கேள்வி கேட்ட தம்பி கீழே எழுதியிருக்கிறார்: "அப்படியானால் டென்மார்க்கிலும் அதேதானே நடந்திருக்கும்?"

இல்லை. இங்கேதான் நான் முதலில் நினைத்ததை மாற்றிக்கொண்டேன்.

லிம்ஃபியோர்டில் சிப்பியை அதிகம் கொல்வது பல ஆண்டுகளில் படகு அல்ல, மூச்சுத் திணறல். கோடையில் காற்றில்லாத நாட்கள் தொடர்ந்தால் நீர் இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும். மேலே சூடான நீர், கீழே உப்பு கூடிய குளிர்ந்த நீர். இரண்டும் கலக்காது. உரத்தால் பெருகிய பாசி செத்து அடியில் விழுந்து அழுகும்போது அங்கே இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். மீன் நீந்தித் தப்பிக்கும். நார் விட்டு ஒட்டிக்கொண்டிருக்கும் சிப்பி எங்கே போகும்? டேனிஷ்காரர்கள் இதற்கு ஒரே சொல் வைத்திருக்கிறார்கள், இல்ட்ஸ்வின். ஆகஸ்ட், செப்டம்பரில் வானிலைச் செய்தியைப் போல இதையும் செய்தியில் சொல்கிறார்கள்.

இதன் உச்சம் லிம்ஃபியோர்டில் இல்லை, தெற்கே இருக்கும் மரியேயர் ஃபியோர்டில் நடந்தது. 1997 ஆகஸ்டில் அந்த நீர் முழுக்க, மேல்மட்டம் வரை, ஆக்சிஜன் இல்லாமல் போனது. சிப்பி, மீன் எல்லாம் செத்து, கரையோர ஊர்களில் அழுகிய முட்டை நாற்றம். அங்கே எந்தப் படகும் அளவு மீறவில்லை.

ஆகவே உரம் சிப்பியை வளர்த்தது, அதே உரம் சிப்பியைக் கொன்றது. 1987-ல் டென்மார்க் நாடாளுமன்றம் நீரில் சேரும் நைட்ரஜனைப் பாதியாகவும் பாஸ்பரஸை 80 சதவீதமும் குறைக்க ஒரு திட்டம் போட்டது. அதன்பின் கழிவு குறைந்தது, பாசியும் குறைந்தது. அந்த ஒரு லட்சம் டன் காலமே சீக்காளி உடம்பில் வந்த வீக்கம் என்று இப்போது நினைக்கிறேன். அதை "இயல்பான அளவு" என்று வைத்துக்கொண்டு இன்றைய அளவைச் சரிவு என்று சொல்வது சரியா என்பதில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

14 ஆகஸ்ட், இரவு

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. மூச்சுத் திணறல் வரும் என்று தெரிந்த ஆழப் பகுதியிலிருந்து சின்னச் சிப்பியை முன்கூட்டியே வாரி, நல்ல நீர் ஓடும் இடத்தில் கொட்டி வளர விடுகிறார்கள். விட்டிருந்தால் செத்திருக்கும். இதை இயற்கைச் சிப்பி என்பதா, வளர்ப்புச் சிப்பி என்பதா? இந்தக் கேள்வியை நினைவில் வைத்திருங்கள், திரும்ப வருவேன்.

19 ஆகஸ்ட்

படகுகளை நல்லவை என்று மட்டும் எழுதிவிட்டதாக ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். நியாயமான வருத்தம். வாரி இழுத்த தரையைத் தண்ணீருக்கடியில் எடுத்த படங்களை நான் பார்த்திருக்கிறேன். உழுத வயல் மாதிரி இருக்கும். சிப்பியோடு கல்லும் ஓடும் வந்துவிடும், குஞ்சு ஒட்டுவதற்கு இடம் குறையும். கடற்புல் இருக்கும் இடத்தில் வாரி போனால் புல் திரும்ப முளைக்கப் பல வருடம் ஆகும். அதனால்தான் கடற்புல் பகுதிகளை மூடியிருக்கிறார்கள், வாரியின் எடையைக் குறைத்திருக்கிறார்கள், படகுக்கு வாரம் இவ்வளவுதான் என்று கட்டியிருக்கிறார்கள்.

போதுமா? போதாது என்பவர்கள் இங்கே நிறைய. நானும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன். கயிற்றில் வளர்த்தால் தரையைத் தொடவே வேண்டாம்.

20 ஆகஸ்ட்

நட்சத்திர மீன் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், சிப்பியின் பெரிய எதிரி அதுதான். ஓட்டின் இரு பக்கமும் பிடித்து இழுத்து, கொஞ்சம் திறந்ததும் தன் இரைப்பையை உள்ளே விட்டுக் கரைத்துத் தின்னும். லிம்ஃபியோர்டில் நட்சத்திர மீனையும் பிடித்துக் காயவைத்து மாவாக்கிக் கோழிக்கும் பன்றிக்கும் தீவனமாகக் கொடுக்கிறார்கள்.

2 செப்டம்பர்

போன சனிக்கிழமை நடந்தது. ஒரு கடையில் குளிர்பெட்டிக்கு மேலே "இயற்கைச் சிப்பி" என்று பெரிதாக எழுதியிருந்தது. பையைத் திருப்பிப் பார்த்தேன். சின்ன எழுத்தில் "வளர்க்கப்பட்டது" என்று இருந்தது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி மீனோ சிப்பியோ விற்கும்போது கடலில் பிடித்ததா, நன்னீரில் பிடித்ததா, வளர்த்ததா என்று எழுத வேண்டும். விற்றவரிடம் கேட்டேன். "இரண்டும் ஒன்றுதான், கடலிலிருந்துதானே வருகிறது" என்றார். கோபம் வந்தது, இரண்டு கிலோவுக்குப் பணமும் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சமைக்கும்போது யோசித்தேன். ஓட்டை உரசி நாரைப் பிடுங்கும்போது ஒன்றில் பழைய ஓட்டுத் துண்டும் சேறும் ஒட்டியிருந்தது. கயிற்றில் வளர்ந்த சிப்பி சுத்தமாக இருக்கும், ஓடு மெல்லியதாக இருக்கும். இது தரையில் கிடந்து வளர்ந்தது. அப்படியென்றால் எங்கோ குஞ்சாக இருக்கும்போது வாரப்பட்டு, வேறெங்கோ கொட்டப்பட்டு, திரும்ப வாரப்பட்டது. சட்டத்தின் கண்ணில் வளர்ப்பு. ஆனால் அதன் தொடக்கம் கடலில்.

விற்றவர் சொன்னது அவர் நினைத்த அர்த்தத்தில் தவறு. வேறொரு அர்த்தத்தில் சரி.

3 செப்டம்பர்

நேற்றைய குறிப்பை விரித்து எழுதுகிறேன். இந்த இழையில் நான் சொல்ல நினைப்பதே இதுதான்.

கோழிப் பண்ணைக்குக் குஞ்சு பொரிப்பகத்திலிருந்து வரும். ஐரோப்பியச் சிப்பிப் பண்ணைக்குக் குஞ்சு பெரும்பாலும் கடலிலிருந்துதான் வருகிறது. பொரிப்பகத்தில் சிப்பிக் குஞ்சு உண்டாக்க முடியும், ஆனால் கட்டுப்படியாகாது. அதனால் "ஐரோப்பா பண்ணைக்கு மாறிவிட்டது" என்றால், கறிக்கு எடுப்பது குறைந்து விதைக்கு, அதாவது வளர்ப்பதற்கான குஞ்சுக்கு, எடுப்பது தொடர்கிறது என்று பொருள். கடலிலிருந்து எடுப்பதன் போக்கைப் பார்க்க வேண்டுமென்றால் விதையைப் பின்தொடர வேண்டும்.

ஸ்பெயினின் கலீசியாவை எடுத்துக்கொள்ளுங்கள். பண்ணை என்றால் அதுதான் பண்ணை. 1940-களின் நடுவில் தொடங்கியது, இன்று ஏறத்தாழ 3,300 மிதவைகள். ஒவ்வொரு மிதவையிலும் 500 கயிறு வரை தொங்கவிடலாம், கயிறு 12 மீட்டருக்கு மிகாமல். ஐரோப்பாவின் சிப்பியில் பெரும்பங்கு இங்கிருந்து வருகிறது. அந்தக் கயிற்றில் கட்டும் குஞ்சுக்கு அவர்கள் ஊரில் மெஹிய்யா என்று பெயர். குளிர்காலத்திலும் வசந்தத்திலும் அலை அடிக்கும் பாறைகளில் போய்ச் சுரண்டி எடுத்து வருகிறார்கள். இன்னொரு பங்கு, நீரில் தொங்கவிட்ட வெறும் கயிறுகளில் தானாக வந்து ஒட்டுவது. பாறையில் சுரண்டும் ஆட்களுக்கும், அதே பாறையில் பெர்செபே என்ற கொட்டலசு எடுத்துப் பிழைப்பவர்களுக்கும் பல வருடமாகச் சண்டை. "நீ குஞ்சு சுரண்டும்போது என் பிழைப்பையும் சேர்த்துச் சுரண்டுகிறாய்" என்பது அவர்கள் புகார்.

உலகத்தின் மிக நவீனமான சிப்பித் தொழில்களில் ஒன்று, கடைசியில் பாறையில் கத்தி வைத்துச் சுரண்டும் மனிதரிடம் வந்து நிற்கிறது. எங்கள் சித்தப்பா செய்த அதே வேலை.

3 செப்டம்பர், மாலை

விதைக்காக நாடாளுமன்றமே அசைந்த கதை அயர்லாந்தில் இருக்கிறது. வடக்கு அயர்லாந்துப் படகுகள் தெற்கே அயர்லாந்துக் குடியரசின் கரையோரத்திலும், அவர்கள் படகுகள் வடக்கேயும் மீன்பிடிக்கலாம் என்று பழைய வழக்கம் ஒன்று இருந்தது. 2016-ல் குடியரசின் உச்ச நீதிமன்றம் இதற்குச் சட்ட அடிப்படை இல்லை என்றது. வழக்கைக் கொண்டுபோனவர்கள் சிப்பிக்காரர்கள். எங்கள் கடலின் விதைச் சிப்பியை வடக்குப் படகுகள் வாரிக்கொண்டு போகின்றன என்பதுதான் அவர்கள் குறை. 2019 பிப்ரவரியில் டன்டாக் விரிகுடாவில் மீன்பிடித்த இரண்டு வடக்குப் படகுகளைப் பிடித்தார்கள். பிரெக்ஸிட் பேச்சு கொதித்துக்கொண்டிருந்த நேரம். சில வாரங்களில் சட்டத்தைத் திருத்தி வழக்கத்தை மீட்டார்கள்.

நகம் அளவுகூட இல்லாத குஞ்சுக்கு.

5 செப்டம்பர்

நெதர்லாந்து இதற்கு ஒரு வழி கண்டது. 2008-ல் அவர்களின் உயர் நிர்வாக நீதிமன்றம், வாடன் கடலில் வசந்தகால விதை வாருவதற்குக் கொடுத்த உரிமத்தை ரத்து செய்தது. அதே ஆண்டு சிப்பிக்காரர்கள், இயற்கை ஆர்வலர்கள், அரசு மூவரும் உட்கார்ந்து ஓர் உடன்படிக்கை போட்டார்கள். தரையிலிருந்து விதை வாருவதைக் கட்டங்கட்டமாகக் குறைப்பது, பதிலுக்கு நீரில் வலையும் கயிறும் தொங்கவிட்டு விதை பிடிப்பது.

சிப்பியின் இளம்பருவ உயிர் சில வாரம் நீரில் மிதந்து அலையும். ஒட்ட இடம் கிடைத்தால் ஒட்டும். வலையை நீட்டினால் வலையில் ஒட்டும். அப்படிப் பிடித்த குஞ்சைத் தங்கள் தரைப் பாத்திகளில் கொட்டி, வளர்ந்ததும் வாரி, தெற்கே யெர்செக்கே ஊருக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே சிப்பிக்கென்றே ஓர் ஏலக்கூடம் இருக்கிறது. கணக்கு இன்றும் "சிப்பி டன்" என்ற அளவில், அது 100 கிலோ. பெல்ஜியத்தில் உருளைக்கிழங்கு வறுவலோடு சட்டி சட்டியாகச் சாப்பிடுவது பெரும்பாலும் இந்தச் சிப்பிதான்.

சண்டை போட்டவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தது எனக்குப் பிடித்திருக்கிறது. செலவு அதிகம் என்று சிப்பிக்காரர்கள் சொல்வதும் உண்மைதான்.

6 செப்டம்பர்

திருத்தம். முதல் குறிப்பில் "ஸ்பெயினுக்குப் பொருந்தும்" என்று எழுதியிருந்தேன். மூன்றாம் தேதிக் குறிப்புக்குப் பிறகு அதுவும் சரியில்லை. அழிக்காமல் விட்டுவைக்கிறேன், எப்படி மாற்றிக்கொண்டேன் என்று தெரியட்டும்.

15 செப்டம்பர்

"மொத்தத்தில் ஐரோப்பாவில் கூடுகிறதா குறைகிறதா? ஒரே வரியில்" என்று ஒருவர்.

குறைகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வளர்ப்புச் சிப்பி 1990-களின் கடைசியில் ஆண்டுக்கு 6 லட்சம் டன்னுக்கு மேல், 2016-ல் 4.8 லட்சம் டன். விதை கடலிலிருந்து வருகிறது என்பதால், பண்ணையில் குறைவதும் கடலின் நிலைமையைத்தான் காட்டுகிறது. விதைத் தட்டுப்பாடு, நச்சுப்பாசி வந்து அறுவடையை நிறுத்துவது, நோய், விலை எல்லாம் சேர்ந்த சரிவு இது.

16 செப்டம்பர்

பிரிட்டனை மறந்துவிட்டேன். வேல்ஸில் மெனாய் நீரிணை, நெதர்லாந்து முறைப்படி தரையில் வளர்க்கும் இடம். விதையை மோர்கம் விரிகுடா போன்ற இடங்களில் வாருவார்கள். அங்கே சில திட்டுகள் கல்லில் பிடிப்பில்லாமல் சேற்றின் மேல் கிடக்கும், இலையுதிர்காலப் புயல் வந்தால் எப்படியும் அடித்துக்கொண்டு போய்விடும். புயலுக்கு முன் எடுப்பதில் கடலுக்கு நட்டம் குறைவு என்பது அவர்கள் வாதம். டென்மார்க்கில் மூச்சுத் திணறலுக்கு முன் எடுப்பதைப் போல.

அவர்களைக் கவிழ்த்தது கடல் இல்லை, எல்லை. ஐரோப்பாவில் சிப்பி வளரும் நீரை அதன் சுத்தத்தைப் பார்த்து அ, ஆ, இ என்பதுபோல் மூன்று தரமாகப் பிரிப்பார்கள். இரண்டாம் தர நீரின் சிப்பியைச் சுத்திகரித்துவிட்டுத்தான் விற்கலாம். ஒன்றியத்துக்குள் இருந்தவரை உயிரோடு லாரியில் ஏற்றி அனுப்பி, போன இடத்தில் சுத்திகரித்தார்கள். 2021 தொடக்கத்தில் பிரிட்டன் வெளியே போனதும், வெளிநாட்டின் இரண்டாம் தர நீர்ச் சிப்பி அப்படி உள்ளே வரக்கூடாது என்ற விதி அவர்கள் மேல் விழுந்தது. சிப்பி இருக்கிறது, படகு இருக்கிறது, வாங்குபவர் காத்திருக்கிறார், ஆனால் அனுப்ப முடியாது. அந்த ஆண்டின் பிரிட்டன் புள்ளிவிவரத்தை மட்டும் பார்ப்பவர் கடலில் சிப்பி தீர்ந்துவிட்டது என்று நினைக்கக்கூடும்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கான்வி. அங்கே சிலர் இன்னும் சின்னப் படகில் நின்றபடி, நீண்ட கம்பின் முனையில் கட்டிய வாரியால் கையாலேயே சிப்பி எடுக்கிறார்கள். போய்ப் பார்க்க வேண்டும் என்று பல நாள் ஆசை.

22 செப்டம்பர்

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேசினேன். இந்த இழையைப் படித்துக் காட்டினேன். வாடன் கடல் வாத்துக் கதையில் அமைதியாகிவிட்டார். அப்புறம் கேட்டார்: "குஞ்சை எடுத்து வளர்க்கிறதுன்னா சரி. கடல்லயே விட்டிருந்தா அது எத்தனை வளர்ந்திருக்கும்?"

அதுதான் கேள்வி. பெரும்பாலான குஞ்சு கடலில் வளராது. நண்டு தின்னும், நட்சத்திர மீன் தின்னும், புயல் அடிக்கும். அதனால் கொஞ்சம் எடுத்தால் தெரியாது. ஆனால் குஞ்சு பிடிக்காத வருடத்தில் பிழைத்த கொஞ்சத்தையும் எடுத்தால் 1990 நெதர்லாந்து. எனவே எவ்வளவு எடுக்கலாம் என்பது ஒரு நிலையான எண்ணாக இருக்க முடியாது. அந்தந்த வருடம் கடலில் எண்ணிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பிரான்ஸில் நார்மண்டிக் கரையில் அப்படித்தான் செய்கிறார்கள். பார்ஃப்ளர் துறைமுகத்துக்கு வெளியே ஆழத்தில் விளையும் சிப்பி, ஓடு வெளிர் நிறம் என்பதால் "பார்ஃப்ளரின் பொன்முடிக்காரி" என்று செல்லப் பெயர். பண்ணை நிறைந்த பிரான்ஸில் இது வளர்க்காத சிப்பி. ஒவ்வொரு வருடமும் முதலில் திட்டுகளைப் போய்ப் பார்ப்பார்கள். இருந்தால் கோடையில் திறப்பார்கள். இல்லையென்றால் திறப்பதில்லை. திறக்காமல் விட்ட வருடங்கள் உண்டு, அந்த வருடங்களில் ஊரில் அந்தச் சிப்பி கிடையாது, அவ்வளவுதான்.

அப்பாவுக்கு இது பிடித்தது. "ஆனா அந்த வருஷம் அவங்க வீட்டுல எதை வச்சுச் சமைப்பாங்க?" என்றும் கேட்டார். பார்ஃப்ளர்காரர்களுக்கு ஸ்காலப் இருக்கிறது, மீன் இருக்கிறது. சித்தப்பாவுக்கு மழைக்காலக் கடனுக்குச் சிப்பிதான் இருந்தது. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் ஐரோப்பாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று எங்கள் ஊரில் போய்ப் பேச எனக்கு வாய் வராது.

29 செப்டம்பர்

இத்தாலியில் தான் சாப்பிட்ட "பேரீச்சைச் சிப்பி" பற்றி ஒரு வாசகர் ஆசையாக எழுதியிருக்கிறார். தயவுசெய்து இனி சாப்பிடாதீர்கள். அது வேறு இனம். சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துத் துளையிட்டு உள்ளே வாழும். விரல் நீளத்தில் பாதி வளர்வதற்கே 15 ஆண்டுக்கு மேல், சில இடங்களில் 30 ஆண்டுக்கு மேல் ஆகும். எடுக்க வேண்டுமென்றால் பாறையைச் சுத்தியலால் உடைக்க வேண்டும். பாறை போனால் அதன் மேலிருந்த பாசி, கடற்பஞ்சு, மீன் முட்டை எல்லாம் போகும். இத்தாலியில் 1998-லிருந்தும், மத்தியதரைக் கடலின் ஐரோப்பிய ஒன்றியப் பகுதியில் 2006-ன் ஒழுங்குவிதியாலும் தடை. அப்படியும் காப்ரி தீவின் பாறைகள் வரை உடைத்திருக்கிறார்கள். சாப்பிட்ட அந்தத் தட்டுக்குப் பின்னால் ஒரு கடல்தரையே வெறும் கல்லாகியிருக்கும்.

இத்தாலியில் இயற்கைச் சிப்பி வேண்டுமென்றால் அங்கோனாவுக்குப் பக்கத்தில் பொர்ட்டொனோவோ என்ற ஊர் இருக்கிறது. முங்கி எடுக்கும் பாறைச் சிப்பி, மோஷொலோ என்பார்கள். 2004-ல் ஸ்லோ ஃபுட் இயக்கம் அதைக் காக்க வேண்டிய உணவாக எடுத்துக்கொண்டது. இப்போது அங்கேயும் கடல் சூடு பெரிய கவலை.

6 அக்டோபர்

சூடு என்றதும் எழுத வேண்டியது. 2024 ஜூலையில் கிரீஸின் தெர்மைக்கோஸ் வளைகுடாவில் நீர் 30 டிகிரியைத் தாண்டியது, பண்ணைச் சிப்பி கயிற்றிலேயே வெந்தது போல் செத்தது. அடுத்த வருடத்துக்கு வைத்திருந்த குஞ்சும் போனது.

வடக்கில் சூடு வேறு மாதிரி வேலை செய்கிறது. வாடன் கடலில் கடுங்குளிர் வந்த வருடத்துக்கு அடுத்த கோடையில் சிப்பி, மட்டிக் குஞ்சு நன்றாகப் பிடிக்கும். காரணம் எளிது. குளிரில் நண்டும் கூனியும் கரைக்குத் தாமதமாக வரும். அவை வருவதற்குள் குஞ்சு வாய்க்குள் அடங்காத அளவுக்கு வளர்ந்துவிடும். மிதமான குளிர்காலம் என்றால் நண்டு முன்கூட்டியே வந்து, கடுகளவுக் குஞ்சைக் காலி செய்துவிடும். டச்சு, ஜெர்மன் கரைகளில் ஐஸ் குளிர்காலம் அரிதாகிக்கொண்டே வருகிறது.

அதே தரையில் இப்போது பசிபிக் ஆளியும் சேர்ந்துவிட்டது. 1960-களில் நெதர்லாந்தில் வளர்க்கக் கொண்டுவந்தது. குளிர்ந்த நீரில் அது தானாகப் பெருகாது என்று நினைத்தார்கள். பெருகியது. பழைய சிப்பித் திட்டுகள் பல இன்று ஆளியும் சிப்பியும் கலந்த கரடு. சிப்பி ஆளிகளுக்கு இடையே ஒளிந்து பிழைக்கிறது, பறவைக்கு எட்டுவது கஷ்டம். வாரவும் முடியாது, ஆளியின் ஓடு கத்தி போல் வெட்டும். சிப்பி இருக்கிறது, ஆனால் எடுக்க முடியாத இடத்தில் இருக்கிறது.

7 அக்டோபர்

நார்வேயில் இருக்கும் அக்கா ஒருவர், கோடை வீட்டுப் பாறைகளில் முன்பு கறுப்பாக அப்பிக்கிடந்த சிப்பி இப்போது காணோம் என்கிறார். ஆமாம் அக்கா, நார்வே, ஸ்வீடன் கரை முழுக்க மக்கள் இதையே சொல்கிறார்கள். கணக்கெடுத்தவர்களும் குறைவைக் கண்டிருக்கிறார்கள். அங்கே பெரிய படகு வாரவில்லை. இருக்கும் இடத்தில் எடுப்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையின் சிப்பி எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு எடுங்கள். நச்சுப்பாசியின் விஷம் வேகவைத்தாலும் போகாது.

20 அக்டோபர்

கேள்வி கேட்ட தம்பி, ஸ்காட்லாந்தின் முத்துச் சிப்பி பற்றியும் எழுதச் சொல்கிறார். அது ஆற்றுச் சிப்பி, தனிக் கதை. சுருக்கமாக: நூறு ஆண்டுக்கு மேல் வாழக்கூடியது. குஞ்சு முதலில் சால்மன், டிரவுட் மீன்களின் செவுளில் ஒட்டி வளரும். முத்துக்காகத் திறந்து பார்த்துத் திறந்து பார்த்தே கொன்றார்கள். 1998-ல் ஸ்காட்லாந்தில் முழுத் தடை. ஆனால் மீன் குறைந்த ஆற்றில் தடை மட்டும் போட்டால் குஞ்சு வராது. இங்கே காணொளிக்காரர் சொன்ன "அளவுக்கு மீறி எடுத்தார்கள்" என்பது முழுக்கச் சரி.

16 நவம்பர்

லிம்ஃபியோர்டுக்குள் இருக்கும் மோர்ஸ் தீவுக்குப் போய்வந்தேன். அங்கே நூகோபிங்கில் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் சிப்பி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 2010-ல் ஸ்கீவ ஃபியோர்டில் இவர்கள் செய்த சோதனையை நேரில் கேட்க ஆசைப்பட்டேன். 18.8 ஹெக்டேரில் கயிறு தொங்கவிட்டு, ஒரே வருடத்தில் 1,100 டன் அளவுக்குச் சிப்பி எடுத்தார்கள். விற்பனைக்கு இல்லை, நீரைச் சுத்தம் செய்ய. சிப்பி தின்ற பாசியோடு வயலிலிருந்து வந்த நைட்ரஜனும் கரையேறிவிடும். கயிற்றில் குஞ்சு கட்டவே இல்லை, வெறும் கயிறு போட்டார்கள், மிதந்து வந்தது ஒட்டியது.

ஆகஸ்ட் 14-ல் உரம் வளர்த்தது, உரம் கொன்றது என்று எழுதினேன். அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்த உரத்தைத் திரும்ப எடுத்துத் தருவதும் சிப்பிதான்.

திரும்பும் வழியில் துறைமுகத்தில் ஒரு படகு இறக்கிக்கொண்டிருந்தது. கறுப்பும் நீலமுமாகக் குவியல், சேற்று வாசனை, மேலே கடற்காக்கைகள். ஒருவர் சலித்து, சின்னதைத் தனியாகக் கூடையில் போட்டார். என்ன செய்வீர்கள் என்று என் அரைகுறை டேனிஷில் கேட்டேன். நாளைக்குப் போகும்போது திரும்பக் கொட்டிவிடுவோம் என்றார். எங்கே? கையை நீட்டி மேற்கே காட்டினார், ஆகர் பக்கம், நீரோட்டம் நல்லதாம்.

அப்பாவுக்குப் படம் அனுப்பினேன். "அந்தக் குஞ்சு நம்ம ஊர்க் குஞ்சு மாதிரியே இருக்கு, நிறம்தான் வேற" என்று பதில் வந்தது.